மூச்சு மண்டகப்படி

இந்தக் கதையைக் கேட்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. ஆவுடையூரின் நெல்லுமண்டித் தெரு, வடக்கே தண்ணீர்த் தொட்டியில் தொடங்கித் தெற்கே அரவை ஆலையின் சுவரில் முடிகிற, எங்கும் வளையாத, சரியாக நானூறு மீட்டர் நீளமுள்ள தெரு என்பது ஒன்று. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்ற ஆதிமூலம் அதை இரண்டு முறை அளந்து, இரண்டு முறையும் ஒரே அளவு வந்ததை ஆலைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் ஐம்பத்தைந்து வீடுகள் இருக்கின்றன என்பதும், அவற்றுள் ஒன்று, வீட்டுக்காரர்கள் மும்பையில் இருப்பதால் ஆறு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது என்பதும் இரண்டாவது. மூன்றாவது, பங்குனித் திருவிழாவின் பத்தாம் நாள் மண்டகப்படி, அதாவது அன்றைய பூசையையும் செலவையும் ஏற்று நடத்தும் உரிமை, இத்தெருவாருக்கு உரியது என்பது. பதினோரு ஆண்டுகள் வழக்காடி அந்த ஒரு நாளைப் பெற்றவர்கள் ஆதலால், ஒருவர் தலையில் விழுகிற எதையும், அது ஆஸ்பத்திரிக் காவலாக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டு விருந்தாளிகளாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பிரித்துக்கொண்டதை விட்டுக்கொடுப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

இந்த மூன்றையும் அறிந்தவருக்கு, சண்முகவடிவு ஓடியபோது தெரு ஏன் மூச்சு வாங்கியது என்பது விளங்காவிட்டாலும், வாங்கிய மூச்சைத் தெரு என்ன செய்தது என்பது விளங்கும்.

சண்முகவடிவுக்கு நாற்பத்தொரு வயது. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அரசு நாற்றுப் பண்ணையில் பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். பைகளில் மண் நிரப்புவதும், விதை ஊன்றுவதும், நீர் தெளிப்பதும், வேலி தாண்டி வரும் ஆடுமாடுகளை விரட்டுவதும் அவள் வேலை. தைப் பிறப்புக்கு முன் ஓர் அறிவிப்பு வந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களில் நாற்பத்திரண்டு வயது நிரம்பாதவர்கள் நிரந்தரக் காவலராகச் சேர்க்கப்படுவார்கள். அதற்கு அவர்கள், தை முதல் திங்கட்கிழமையிலிருந்து நூற்றிருபது நாள் கழித்து, மாவட்ட விளையாட்டுத் திடலில், ஆயிரத்து அறுநூறு மீட்டரைப் பதினோரு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இந்த வாய்ப்பு இந்த ஒரு முறைதான். சண்முகவடிவுக்கு நாற்பத்திரண்டு வயது நிரம்ப ஐந்து மாதம் இருந்தது. அவள் கடைசியாக ஓடியது ஒரு பேருந்துக்காக, பேருந்து போய்விட்டது.

"பஸ்ஸப் புடிக்க ஓடத் தெரியாதவ, வேலயப் புடிக்க ஓடப் போறியாக்கும்" என்றான் அவள் கணவன் கோமதிநாயகம். சந்தை முக்கில் தையல் கடை வைத்திருந்த அவன், கேலி செய்துகொண்டே மகளுடைய பழைய சுடிதாரின் இடுப்பைப் பிரித்து அவளுக்குத் தைத்துக் கொடுத்தான்.

"ஓடுனா என்ன ஆவும்?" என்று அவள் கேட்டாள்.

"எளைக்கும். வேற என்ன ஆவும்."

அதுதான் ஆகவில்லை. தை மாதம் முதல் திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத ஐந்தே முக்கால் மணிக்கு, அரை அளவு பெரிதான கேன்வாஸ் காலணியோடு, தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து அவள் ஓடத் தொடங்கினாள். பத்தாவது வீட்டருகே நெஞ்சு அடைக்கும், பதினைந்தாவது வீட்டருகே உட்கார்ந்துவிடுவோம் என்று எண்ணியவள், பத்தாவது வீட்டையும் பதினைந்தாவது வீட்டையும் தன் வீட்டையும் தாண்டி, ஆலைச் சுவரைத் தொட்டுத் திரும்பி, மறுபடியும் தொட்டியடிக்கு வந்து நின்றபோது, கிணற்றில் நீர் இறைப்பவளிடமிருந்து யாரோ கயிற்றை வாங்கிக்கொண்டதைப் போல, அவளுக்கு எந்த இளைப்பும் இருக்கவில்லை. கால் வலித்தது, கணுக்கால் வலித்தது, மூச்சு மட்டும், உட்கார்ந்து கீரை ஆய்கிறவளுடைய மூச்சைப் போலச் சீராக இருந்தது. அவள் தாண்டி வந்த வீடுகள்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

முதல் வீட்டில், வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்கும் பேச்சித்தாய், மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, மலை ஏறி வந்தவளைப் போல மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது வீட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்த ஆதிமூலம் ஒரு பக்க மீசையை இழந்தார். இருபத்திரண்டாவது வீட்டில் இஸ்திரி போடும் மாடக்கண்ணு, இளைப்பில் பெட்டியைத் தூக்க மறந்ததால், ஒரு வெள்ளைச் சட்டையின் பையில் பெட்டி வடிவில் ஓட்டை விழுந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் மூச்சு வாங்க ஆளில்லாமையால் கதவே வாங்கியது. இரட்டைக் கதவும் முன்னே புடைத்துப் பின்னே ஒடுங்க, ஆறு ஆண்டுத் தூசி கீல்களிலிருந்து உதிர்ந்தது. சண்முகவடிவின் வீட்டில் மட்டும் ஒன்றும் நிகழவில்லை. கோமதிநாயகம் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாளும் அப்படியே நிகழ்ந்தது. அதற்கு மறுநாளும் நிகழ்ந்தது. நான்காம் நாள், பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் மாலை, தெருவின் நடுவில் இருந்த பிள்ளையார் கோயில் முன்பு கூட்டம் கூடியது.

தெருவுக்குத் தலைவர் பூதலிங்கம். அரவை ஆலை அவருடையது. கடைசி வீடும் அவருடையது. ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, எதையும் ஒரே முறை சொல்லும் வழக்கம். அவர் எழுந்து, "ஒரு பொம்பள ஓடுதா. எளைப்பு நமக்கு வருது. இதுல ஏன் எதுக்குன்னு கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல. யாருக்கு என்ன இடைஞ்சல், அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"எனக்கு ஒரு இட்லி பூசணிக்கா அளவு, ஒரு இட்லி பொட்டு அளவு" என்றாள் பேச்சித்தாய். "வாங்க வந்தவுக, ஏன் மதினி, இது ரெண்டும் தாயும் புள்ளையுமான்னு கேக்காவ."

"அந்தச் சட்டைக்காரர் எங்கிட்ட இன்னும் பேசல" என்றான் மாடக்கண்ணு.

"மீச வளந்துரும். அது போவட்டும்" என்றார் ஆதிமூலம். கூட்டம் சிரித்தது.

சண்முகவடிவு பின்வரிசையில் எழுந்து நின்று, "எல்லாரையும் படுத்துதேன்னு தெரியுது. வேணும்னா ஓடல. வேலய விட்டுருதேன்" என்றாள். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு பங்குனி முடிவிலும், அடுத்த ஆண்டுக்குப் பெயர் இருக்குமா இருக்காதா என்று பண்ணை அலுவலகச் சன்னலடியில் காத்து நின்றவள் அவள். அந்தச் சன்னலடிக்கு இனிமேல் போக வேண்டாம் என்பதற்காகத்தான் அவள் ஓடினாள்.

"யாரு உன்ன ஓட வேண்டாம்னா? உக்காரு தாயி" என்றார் பூதலிங்கம். "தெருவுல ஒருத்தருக்கு வந்தா அது தெருவுக்கு வந்தது. பிரிச்சிக்கிடுவோம்."

பிரித்துக்கொண்டார்கள். மூச்சு, வீட்டின் நிலைப்படியைத்தான் தேடி வருகிறது என்பதும், எந்த வீட்டு நிலைப்படியில் நாற்காலி போடப்பட்டிருக்கிறதோ அந்த வீட்டுக்கே தெருவின் மூச்சு முழுவதும் போய்விடுகிறது என்பதும், மாடக்கண்ணு வீட்டில் காயவைத்த நாற்காலி ஒன்றினால் தற்செயலாகத் தெரியவந்திருந்தன. எனவே சண்முகவடிவின் வீடு நீங்கலாக ஐம்பத்து நான்கு வீடுகளுக்கும், வீட்டுக்கு இரண்டு நாளாக, நூற்றெட்டு நாள் வகுக்கப்பட்டது. தன் நாளில் அந்த வீட்டார் வாசல் தெளித்து, நாற்காலி போட்டு, வீட்டில் நெஞ்சுரம் உள்ள ஒருவரை உட்காரவைத்து, அவள் நான்கு முறை தெருவைக் கடந்து முடிக்கும்வரை முழு இளைப்பையும் தாங்க வேண்டும். தாங்கி முடித்தபின் தெருவுக்குச் சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். ஓடியவள் வந்து, இன்று மூச்சு கொடுத்தது இந்த வீடு என்று வாசலில் நின்று சொல்ல வேண்டும். பூட்டிய வீட்டின் இரண்டு நாள்களில் வெறும் நாற்காலி போடப்படும். கதவு தன் கடமையைத் தானே செய்துகொள்ளும். தேர்வுக்கு முந்தின நாள், அதாவது நிறைவு மண்டகப்படி, பூதலிங்கத்தின் வீட்டுக்கு. அதை அவரே கேட்டுப் பெற்றார்.

இரண்டு வாரத்துக்குள் அது திருவிழாவாகிவிட்டது. சுக்குக் காப்பியோடு முறுக்கு சேர்ந்தது. முறுக்கோடு கேசரி சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தங்களுக்கு வர வேண்டும் என்று இரண்டு சம்பந்தி வீட்டார் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் தங்கள் பிறந்த வீட்டு நாளுக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். நாற்காலியில் உட்காருவது மாமியாரா மருமகளா என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விடை கண்டது. சண்முகவடிவு ஓடினாள். ஆயிரத்து அறுநூறு மீட்டரை முதலில் பதினைந்து நிமிடத்திலும், பிறகு பன்னிரண்டிலும், எழுபதாம் நாள் ஒன்பதேகாலிலும் ஓடினாள். ஆதிமூலம் ஆலைச் சுவரில், தெருவின் நீளத்துக்குக் கீழே, அந்த எண்களை எழுதினார். அவள் கெண்டைக்கால் இறுகியது, இடுப்பு இளைத்தது, தான் ஓடத் தெரிந்தவள் என்பதில் அவளுக்கு ஐயம் இருக்கவில்லை.

எழுபத்தோராம் நாள் பிற்பகல், நாற்றுப் பண்ணையின் தென்கோடியில், வேலியை முட்டித் திறந்துகொண்டு ஒரு சிவப்புப் பசு உள்ளே வந்தது.

சண்முகவடிவு அதை நோக்கி ஓடினாள். காலையில் தெருவில் ஓடிய அதே வேகத்தில் ஓடினாள். முப்பது அடியில் அவள் வாய் திறந்துகொண்டது. ஐம்பது அடியில் விலாவில் ஊசி குத்தியது. அறுபதாவது அடியில், உலகத்தில் இருந்த காற்று முழுவதும் யாருடைய மடியிலோ போய் உட்கார்ந்துவிட்டதைப் போல, எத்தனை இழுத்தாலும் ஒன்றும் உள்ளே வராமல், அவள் வேங்கை நாற்றுகளுக்கு இடையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் ஒரு வீடும் இல்லை. அவள் மூச்சு திரும்புவதற்குள் பசு நாற்பது நாற்றுகளைத் தின்றுவிட்டு, வந்த வழியே நிதானமாகப் போய்விட்டது.

அவளோடு பண்ணையில் வேலை செய்கிற ஜெபமணி, வயதில் மூத்தவள், வாளியோடு வந்து அவள் முகத்தில் நீர் தெளித்தாள்.

"அக்கா, எனக்கு என்னமோ ஆயிட்டு" என்றாள் சண்முகவடிவு, பேச முடிந்தபோது.

"ஒண்ணும் ஆவல. ஓடுனா இப்பிடித்தான் இருக்கும். ஓடுதவ எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்."

"நான் எழுவது நாளா ஓடுதேங்க்கா."

"நீ எங்க ஓடுன? உன் காலு ஓடிச்சு. உன் நெஞ்சு அவுக வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து காப்பி குடிச்சிச்சு." ஜெபமணி வாளியைக் கீழே வைத்தாள். "அந்தத் திடல் பக்கம் நான் போயிருக்கேன். வீடு ஒண்ணும் கெடையாது."

அன்று மாலை வீடு திரும்பும்போது சண்முகவடிவு கணக்கிட்டாள். நாற்பத்தொன்பது நாள் இருந்தது. தேர்வில் யாருடைய நிலைப்படியும் இருக்காது. தேறி வேலை கிடைத்தாலும், மாடு வருகிற வேலியோரத்தில் ஒரு நாளும் இருக்காது. எழுபது நாள் ஓடிவிட்டு அவள் தொடங்கிய இடத்தில் நின்றாள். தொடங்கிய இடம் அறுபது அடி தூரத்தில் இருந்தது.

அவள் பூதலிங்கத்தின் வீட்டுக்குப் போய், நாளை முதல் தெருவில் ஓடப் போவதில்லை என்றும், ஊருக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் ஓடப் போவதாகவும் சொன்னாள். அவர் மறுநாள் கூட்டத்தைக் கூட்டினார்.

"எங்க ரெண்டாம் நாளு வார செவ்வாக்கெழம" என்றாள் ஒருத்தி. "மதுரையிலேருந்து எம்மவ டிக்கெட் எடுத்துட்டா."

"திடலுக்கு நாங்க எல்லாரும் வேன் புடிச்சு வாரோம். ஆளுக்கொரு நாற்காலி கொண்டு வாரோம்" என்றான் மாடக்கண்ணு.

அதையும் சோதித்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை வாய்க்கால் கரையில் பதினெட்டு நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டன. பதினெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். சண்முகவடிவு அவர்கள் முன்னால் ஓடினாள். அறுபதாவது அடியில் அவள்தான் இரைத்தாளே தவிர, உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு கொட்டாவிகூட வரவில்லை. நாற்காலியால் பயனில்லை, வாசல் நிலை வேண்டும் என்பது உறுதியாயிற்று.

"அப்ப நிலையப் பேத்துக் கொண்டு போவோம்" என்றார் பூதலிங்கம். "எங்க வீட்டு நிலை தேக்கு. குட்டியானை வண்டியில ஏத்துனா ஏறும்."

"அண்ணாச்சி, திடலுக்குக் கொண்டு வருவிய. பண்ணைக்கும் கொண்டு வருவியளா?" என்று சண்முகவடிவு கேட்டாள். "நான் தெனம் மாட்டுக்குப் பின்னால ஓடணும். நிலையத் தூக்கிட்டு யாரு என் பின்னால வருவா?"

சிலர் சிரித்தார்கள். பூதலிங்கம் சிரிக்கவில்லை. "நிறைவு மண்டகப்படி எனக்குன்னு தெரு எழுதிக் கொடுத்திருக்கு" என்று ஒரே முறை சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப்பின் அவர் அவளோடு பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில் பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லுதேன், கேளு. எங்களுக்கெல்லாம் இப்ப மலைக்கோயில் படி ஏறுனாக்கூட எளைக்க மாட்டேங்கு. நீ ஓடி எங்க நெஞ்சு பழகிட்டு. உன் நெஞ்சு பச்சப் புள்ளையா கெடக்கு. போ, போய் அதப் பழக்கு. மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்."

எழுபத்து நான்காம் நாளிலிருந்து சண்முகவடிவு தெருவை நடந்து கடந்தாள். வாய்க்காலின் மதகடியில் தொடங்கி ஓடினாள். அறுபது அடி ஓடி, நூறு அடி நடந்து, மறுபடி அறுபது அடி ஓடினாள். இரண்டு மாதத்துக்கு மேல் பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளை பெற்றவளிடம் வந்து முகம் திருப்பி நிற்பதைப் போல, அவளுடைய மூச்சு அவளிடம் வந்து, சொன்ன பேச்சுக் கேளாமல், முன்னே ஓடியது, பின்னே நின்றது, தொண்டையில் மிளகாயைப் போல எரிந்தது. அவள் அதை அதட்டவில்லை. மூன்று காலடிக்கு உள்ளே இழுத்து இரண்டு காலடிக்கு வெளியே விட்டாள். வேகத்தை அளக்க அவளிடம் கடிகாரம் இல்லாததால், ஓடிக்கொண்டே நாற்றுகளின் பெயரைச் சொன்னாள்: வேங்கை, மருது, புங்கன், நாவல், இலுப்பை. ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் போதாது. புங்கனில் மூச்சு முட்டினால் வேகம் சரி. வேங்கையோடு நின்றுவிட்டால் வேகம் மிகுதி. ஒரு வாரத்தில் அறுபது அடி நூற்றைம்பதாயிற்று. மூன்று வாரத்தில் மதகிலிருந்து பாலம்வரை நிற்காமல் ஓடினாள். ஐந்தாம் வாரம் ஆதிமூலம் சங்கிலியோடு வந்து, கேட்பார் இல்லாமலே, வாய்க்கால் கரையில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் அளந்து இரண்டு முளைகள் அடித்துவிட்டுப் போனார். அன்று, கோமதிநாயகம் நேரம் பார்க்க, அவள் அதைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்தாள். ஆறாம் வாரம் பதினொன்றே காலில் கடந்தாள். அதற்குக் கீழே அவளால் இறங்க முடியவில்லை.

தெருவில் நாற்காலிகள் நிற்கவில்லை. எழுதியது எழுதியதுதான் என்று, அவரவர் நாளில் அவரவர் வாசல் தெளித்து, நாற்காலி போட்டு, உட்கார்ந்திருந்தார்கள். அவள் நடந்து கடக்கும்போது, ஒன்றும் வராமையால், தங்கள் சொந்த மூச்சை ஒரு முறை நீளமாக விட்டுவிட்டு உள்ளே போனார்கள். தேர்வுக்கு முந்தின நாளான நூற்றிருபதாம் நாள் காலை, பூதலிங்கம் வெள்ளை வேட்டி உடுத்தித் தன் தேக்கு நிலையின் கீழ் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். கும்பிட்டாள். அவர் ஆலைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நாள் காலையில், மாவட்டத் திடலில், வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வந்த பதினேழு பெண்கள் நின்றார்கள். பலர் அவளைவிட இளையவர்கள். தெருவின் வேன் வந்து, முப்பது பேரை இறக்கிவிட்டு, நிழலில் நின்றது. கோமதிநாயகம் அவள் காலணியின் முனையில் துணி அடைத்துக் கட்டிவிட்டான். அலுவலர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி, நான்கு சுற்று, பதினோரு நிமிடம், ஒரு நொடி கூடினாலும் இல்லை என்று சொல்லி விசிலை ஊதினார்.

முதல் சுற்றில் எல்லாரும் அவளைக் கடந்து போனார்கள். அவள் மூன்று அடிக்கு இழுத்து இரண்டு அடிக்கு விட்டாள். வேங்கை, மருது, புங்கன் என்று நின்றது. சரி என்று ஓடினாள். இரண்டாம் சுற்றில், வேகமாகப் போன நால்வர் நடக்கத் தொடங்க, அவள் அவர்களைக் கடந்தாள். ஐந்து நிமிடம் இருபத்தைந்து நொடி என்று அலுவலர் உரக்கச் சொன்னார். நெஞ்சு எரிந்தது; ஆனால் அது அவள் நெஞ்சு; எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் சுற்றின் கிழக்கு வளைவில் எரிச்சல் நின்றது.

விளக்கை அணைத்ததைப் போல நின்றது. மூச்சு சீராயிற்று, விலா வலி போயிற்று, உடம்பு காற்றில் ஆடும் துணியைப் போலாயிற்று. சண்முகவடிவு பழக்கத்தால் பெயர்களைச் சொன்னாள். வேங்கை, மருது, புங்கன், நாவல், இலுப்பை என்று ஐந்தும் தடையின்றி வந்தன. மறுபடி சொன்னாள், மறுபடியும் வந்தன. தான் விரைவாக ஓடுகிறோமா மெதுவாக ஓடுகிறோமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. நடந்துகொண்டிருந்த நால்வரில் ஒருத்தி அவளைக் கடந்து போனாள்; அதற்குப்பின் இன்னொருத்தி கடந்து போனாள். அப்போதுதான், இளைப்பு இல்லாமையால் தன் கால்கள் தாமாகவே தளர்ந்து, கடைக்குப் போகிறவளுடைய வேகத்துக்கு வந்துவிட்டதை அவள் உணர்ந்தாள்.

திடலின் கிழக்கு வேலிக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதன் பக்கத்தில், செங்கல்லும் காரையும் விளிம்பில் ஒட்டியிருக்க, ஒரு தேக்கு நிலை அப்போதுதான் வெட்டவெளியில் நட்டு நிறுத்தப்பட்டிருந்தது. நிலையின் கீழே நாற்காலி. நாற்காலியில் பூதலிங்கம், வெள்ளை வேட்டியில், இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய இளைப்பு முழுவதையும் இளைத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. கண் அவள்மேல் இருந்தது.

சண்முகவடிவு சுற்றைவிட்டு விலகவில்லை. வேகத்தைக் கூட்டவும் தெரியவில்லை. வேலியோரத்தை நெருங்கியதும், உட்கார்ந்து பேசுகிறவளைப் போன்ற தெளிவான குரலில், "அண்ணாச்சி, எந்திரிங்க" என்றாள்.

அவர் கையை அசைத்தார். ஓடு, ஓடு என்பது அதன் பொருள்.

"எளைப்பு இல்லாம எனக்கு ஓடத் தெரியல அண்ணாச்சி. எவ்வளவு வேகம் போறேன்னே தெரிய மாட்டேங்கு. எந்திரிங்க. அது எனக்கு வேணும்."

பூதலிங்கம் அவளைப் பார்த்தார். ஒரே முறை சொல்லும் வழக்கமுள்ள அந்த மனிதர், பதில் சொல்ல மூச்சில்லாமல், நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். எழுந்து, நாற்காலியை மடக்கி, நிலையை விட்டு மூன்று அடி தள்ளி வந்து நின்றார்.

அது திரும்பி வந்தது. கொடுத்து வைத்திருந்த சுமையை மொத்தமாகத் தலையில் ஏற்றியதைப் போல, வளைவின் முடிவில் அவள் நெஞ்சில் வந்து இறங்கியது. ஒரு கணம் கண் இருண்டு, கால் பின்னியது. பிறகு, ஏழு வாரம் தன்னிடம் வளர்ந்த மூச்சு என்பதால், அதன் ஒவ்வொரு குணமும் தெரிந்தவளாக, மூன்றுக்கு இழுத்து இரண்டுக்கு விட்டு அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நிமிடம் முப்பத்தைந்து நொடி என்று அலுவலர் சொன்னார். ஒரு சுற்று இருந்தது. வேங்கை, மருது என்று நின்றது. போதாது என்று கூட்டினாள். வேங்கை என்று நின்றது. வாய்க்கால் கரையில் ஒரு நாளும் அவள் வேங்கையோடு நின்று ஓடியதில்லை, அது எத்தனை அடி தாங்கும் என்பது தெரியாது, தெரியாததற்குள் ஓடினாள். கடந்து போன இருவரையும் கடந்தாள். கிழக்கு வேலியோரம் அவள் வந்தபோது நிலை வெறுமையாக நின்றது. அதன் வழியே மறுபக்கத்து வேப்பமரம் தெரிந்தது. கடைசி நேர்க்கோட்டில் அவளிடம் ஒரு பெயரும் இல்லை. தெருவார் முப்பது பேரும் எழுந்து நின்று, ஒருவரும் சத்தமிடாமல், தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் பிறகு சொன்னதுபோல, அதைத் தவிரச் செய்ய அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கோட்டைத் தாண்டி அவள் புல்லில் விழுந்தாள். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்து, தாளில் எழுதி, அடுத்தவளைப் பார்த்தார். கோமதிநாயகம் ஓடி வந்தான்.

"எளைக்குதா?" என்று கேட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். வெகுநேரம் அதை மட்டுமே அவளால் செய்ய முடிந்தது.

பின்னர் உறுதியான செய்திகள் வருமாறு. சண்முகவடிவு ஓடிய நேரம் பத்து நிமிடம் ஐம்பத்தாறு நொடி. பதினேழு பேரில் தேறியவர்கள் ஒன்பது பேர். ஆணை ஆடி மாதம் வந்தது. அவளுக்குக் கிடைத்த இடம் அதே பண்ணை, தென்கோடி வேலி. பூதலிங்கத்தின் வீட்டு நிலையைத் திரும்பப் பொருத்தியபோது அது ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டது. கதவு இன்றும் முழுதாக மூடுவதில்லை. அதைச் சரிசெய்ய அவர் கொத்தனாரை அழைக்கவில்லை. நிறைவு மண்டகப்படி நடந்ததா நடக்கவில்லையா என்பது பற்றித் தெருவில் இரண்டு கருத்து உண்டு. எழுந்து நின்றதும் மண்டகப்படியில் சேரும் என்று ஆதிமூலம் அளித்த தீர்ப்பே இப்போது வழக்கில் இருக்கிறது. நெஞ்சு பழகிவிட்ட பெண்களில் ஆறு பேர் வாய்க்கால் கரையில் ஓடுகிறார்கள். அவர்களில் விரைவானவள் பேச்சித்தாய். பிள்ளையார் கோயில் முன்பு கூடிய கூட்டம் ஒரு விதி செய்தது: இத்தெருவில் யார் புதிதாக ஓடத் தொடங்கினாலும், முதல் ஏழு நாள் இளைப்பைத் தெரு ஏற்கும், எட்டாம் நாள் முதல் அவரவர் மூச்சு அவரவருக்கு. அந்த விதியின் கீழ் முதலில் பெயர் கொடுத்தவர் பூதலிங்கம். ஏழு நாளையும் சண்முகவடிவின் வீடு கேட்டு வாங்கிக்கொண்டது. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கனத்த உடம்பின் இளைப்பை ஏழு காலையும் இளைத்தாள். ஏழு காலையும் காப்பி போட்டவன் கோமதிநாயகம். எட்டாம் நாள் பூதலிங்கம் வாய்க்கால் கரையில் நாற்பத்திரண்டு அடி ஓடினார்.